சென்னையின் எஃப்சி கால்பந்து அணி: அடுத்த சீசன் உண்டா, இருந்தால் எத்தனையாவது இடம்? (2025 ஆகஸ்டில் நடந்த உரையாடல்)

புதுவயல் மில் கணக்கு:

எல்லோருக்கும் வணக்கம். புதுவயலில் ஒரு அரிசி மில்லில் கணக்கு எழுதுகிறேன். புதுவயல், கண்டனூர், காரைக்குடி, பள்ளத்தூர் என்று எங்கள் பக்கத்துச் சென்னையின் எஃப்சி பைத்தியங்கள் ஒரு வேன் கொள்ளும் அளவுக்கு இருக்கிறோம். வருடா வருடம் ஆடி முடிவதற்குள் வேன்காரரிடம் முன்பணம் கொடுத்துச் சொல்லிவைத்துவிடுவோம். ஆவணி பிறந்து முகூர்த்தம் தொடங்கிவிட்டால் செட்டிநாட்டில் வேன் என்ற பேச்சே எடுக்க முடியாது. ஒரு கல்யாணத்துக்கு நாலு ஊர்ச் சனத்தை ஏற்றி இறக்கவே வண்டி போதாது. இந்த வருடம் ஆடி முடிந்தே போய்விட்டது. வேன்காரர் பார்க்கும்போதெல்லாம் "என்னண்ணே, இந்த வருசம் பந்து இல்லையா?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை.

ரயிலில் போனால் என்ன என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். போவதற்குப் பல்லவன் இருக்கிறது. விடியுமுன் காரைக்குடியில் ஏறினால் மதியம் சென்னை. ஆட்டம் இரவு ஏழரைக்கு. முடிந்து, நேரு ஸ்டேடியத்துக் கூட்டத்தில் நசுங்கி வெளியே வரப் பத்து மணி ஆகும். அந்த நேரத்துக்கு நம் ஊருக்கு ரயில் ஏது? பஸ்ஸைப் பிடிக்கலாம் என்றால், 2023 டிசம்பர் கடைசியில் புது பஸ் நிலையம் திறந்த பிறகு தென்மாவட்ட பஸ் எல்லாம் கிளாம்பாக்கம். பூங்கா ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறி, வண்டலூரில் இறங்கி, ஆட்டோவுக்குப் பேரம் பேசி, அங்கே போய் நின்றால் காரைக்குடி பஸ்ஸில் கடைசி சீட்டு, அதுவும் டயருக்கு மேலே. தோற்ற ஆட்டத்துக்குப் பிறகு அந்தப் பயணம் பகைவனுக்கும் வேண்டாம். அதனால்தான் வேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பும், நம் அணி ஆடும் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) நடத்தும் நிறுவனமும் 2010ல் 15 வருடத்துக்குப் போட்ட ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8ஆம் தேதி முடிகிறது. வருடத்துக்கு 50 கோடி ரூபாய் கூட்டமைப்புக்குப் போகும் ஒப்பந்தம் அது. அதற்குப் பிறகு என்ன என்று தெளிவாகாமல் சீசனைத் தொடங்க முடியாது என்று ஜூலையில் கையை விரித்துவிட்டார்கள். கூட்டமைப்பின் சட்டதிட்ட வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருப்பதால் புது ஒப்பந்தமும் நகரவில்லை. இந்த ஆகஸ்டில் பெங்களூரு கிளப் வீரர்களின் சம்பளத்தை நிறுத்தி வைத்தது. அடுத்து நம் கிளப்பும் வேலைகளைத் தற்காலிகமாக நிறுத்துகிறோம் என்று அறிக்கை விட்டது. அதைப் படித்த அன்று மில்லில் தவிட்டு மூட்டைக் கணக்கு எனக்கு நேராக வரவே இல்லை.

என் முதல் கேள்வி, சீசன் நடக்குமா? இரண்டாவது கேள்வி, நடந்தால் நாம் எங்கே நிற்போம்?

இரண்டாவதைப் பற்றி என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் "புது ஸ்ட்ரைக்கர் யார், எந்த நாட்டுக்காரர்" என்றே கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கவலை கிடையாது. நம் கிளப்பின் நோய் வேறு. 2020-21ல் எட்டாமிடம், 2021-22ல் எட்டாமிடம், 2022-23ல் எட்டாமிடம். கோச்சாக லாஸ்லோ வந்தார், பாண்டோவிச் வந்தார், பிரடாரிச் வந்தார். பாண்டோவிச் பாதியில் போக, மிச்ச ஆட்டங்களை நம்ம சபீர் பாஷா பார்த்துக்கொண்டார். பிறகு ஓவன் காயில் திரும்பி வந்து ஆறாமிடம் பிடித்து, கோவாவிடம் தோற்று வெளியேறினோம். போன சீசன் (2024-25) 13 அணியில் 11ஆவது. கோச் மாறிக்கொண்டே இருந்தார், இடம் மட்டும் பெரிதாக மாறவில்லை. ஏன்? களத்தில் வெளிநாட்டவர் நாலு பேர்தான் ஆடலாம். மீதி ஏழு பேர் நம் பையன்கள். அந்த ஏழு பேரை வருடா வருடம் கலைத்துக்கொண்டே இருந்தால் யார் வந்து என்ன செய்ய முடியும்?

போன சீசனையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆட்டம் ஒடிசாவில், 3-2 என்று ஜெயித்தோம். ஃபாரூக் சவுத்ரி இரண்டு கோல். அந்த உற்சாகத்தில் வேன் எடுத்து அடுத்த ஆட்டத்துக்குப் போனால், லீக்குக்கே புதிதாக வந்த முகமதன் நம் மைதானத்தில் 1-0 என்று ஜெயித்துவிட்டுப் போனது. ஜாம்ஷெட்பூரில் போய் 5-1 என்று அடிப்போம், சொந்த மைதானத்தில் ஈஸ்ட் பெங்கால் அணியிடம் 2-0 என்று தோற்போம். இது திறமைக் குறைவு இல்லை. ஒருவருக்கொருவர் பழகாத கை கால்கள்.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். திட்டுவதானாலும் காரணத்தோடு திட்டுங்கள்.


பெரியமேடு பி ஸ்டாண்ட்:

அண்ணே, முதல் கேள்விக்குப் பதில்: நடக்கும். தாமதமாக, குறுக்கிச் சுருக்கி, யாருக்கும் திருப்தி இல்லாமல் நடக்கும். இவ்வளவு முதல் போட்டவர்கள் அப்படியே விட்டுவிட்டுப் போக மாட்டார்கள்.

இரண்டாவதில் நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்ள முடியாது. நம்ம பையன், நம்ம பையன் என்று பேசினால் கேட்க இனிக்கும். கோப்பையை யார் வாங்கிக் கொடுத்தது? 2015 ஃபைனல், கோவா மைதானம். 90ஆவது நிமிடம் வரை 2-1 என்று பின்தங்கி நின்றோம். பிறகு அவர்கள் கோல்கீப்பர் கட்டிமணி பந்தைத் தன் வலைக்குள்ளேயே தள்ள, அடுத்த இரண்டு நிமிடத்தில் மெண்டோசா முடித்து வைத்தார். முதல் கோல் பெலிசாரி. 2018 ஃபைனல் பெங்களூரில். ஒன்பதாவது நிமிடம் சேத்ரி போட்டதும் அந்த ஸ்டேடியமே நம்மைப் பார்த்துச் சிரித்தது. மெய்ல்சன் ஆல்வ்ஸ் தலையால் இரண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒன்று. ஆக இரண்டு ஃபைனலிலும் நமக்காகக் கோல் போட்ட ஒரே இந்தியர் எதிரணி கோல்கீப்பர்தான்!

போன சீசன் லீக்கில் முதலிடத்துக்கான ஷீல்டும் கோப்பையும் சேர்த்துத் தூக்கிய மோகன் பகானைப் பாருங்கள். 56 புள்ளி. காசு போட்டார்கள், மெக்லாரன் மாதிரி ஆளை இறக்கினார்கள், எடுத்தார்கள். நாம் பெட்டியைத் திறக்காமல் தத்துவம் பேசுகிறோம்.

கோச் விஷயத்தில் மட்டும் எனக்கு நம்பிக்கை உண்டு. நம் புதுக் கோச் க்ளிஃபோர்ட் மிராண்டா சாதாரண ஆள் இல்லை. 2023ல் ஒடிசாவைப் பாதியில் கையிலெடுத்துச் சூப்பர் கப் வாங்கிக் கொடுத்தவர். ஃபைனலில் அடித்தது பெங்களூருவை. அதற்காகவே அவருக்கு ஒரு மாலை போடலாம்.


கண்டனூர் சிவப்பு நீலம்:

பெங்களூருவைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் உள்ளே வருகிறேன். புதுவயல் அண்ணனுக்கும் எனக்கும் இடையில் இரண்டு கிலோமீட்டர் கூட இருக்காது. ஆனால் நான் அந்த வேனில் ஏறுவதில்லை. காரணம் அண்ணனுக்கே தெரியும். சிவசக்தி நாராயணன் எங்கள் ஊர்ப் பையன். கண்டனூரில் பிறந்தவன் எந்தச் சட்டை போடுகிறானோ அதுதான் என் சட்டை.

2022 டூராண்ட் கோப்பை ஃபைனலை மறந்துவிட்டீர்களா? கொல்கத்தா சால்ட் லேக் மைதானம், எதிரே மும்பை. 11ஆவது நிமிடத்தில் முதல் கோல் எங்கள் ஊர்க்காரன் போட்டது. அந்த ஐஎஸ்எல் சீசனில் வளரும் வீரருக்கான விருதும் அவனுக்குத்தான். ராமன் விஜயன் நடத்திய கால்பந்துப் பள்ளியில் ஆடி, அங்கிருந்து பெங்களூருவின் பி அணிக்குப் போய், மேலே வந்தவன். காரைக்குடியிலிருந்து சென்னை எத்தனை தூரம், பெங்களூர் எத்தனை தூரம்? ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் கூப்பிட்டது எந்த ஊர்?

அண்ணே, நீங்கள் எழுதியதைப் படித்தால் என் பக்கம் பேசுகிற மாதிரியே இருக்கிறது. பேசாமல் கட்சி மாறிவிடுங்கள். 2024 டிசம்பர் கடைசியில் உங்கள் வீட்டுக்கே வந்து 4-2 என்று அடித்துவிட்டுப் போனோம். நினைவூட்டியதற்குக் கோபிக்க வேண்டாம்.


புதுவயல் மில் கணக்கு:

தம்பி கண்டனூர், நீ சொன்னது என் தொண்டையில் முள்ளாகத்தான் நிற்கிறது. அந்தப் பையன் நம்மை எதிர்த்து ஆடும்போது வேனில் வந்த பாதிப் பேருக்குக் கை தட்டவா வேண்டாமா என்று தெரியாது. பந்து அவன் காலுக்கு வந்தால் எங்கள் வரிசை மட்டும் சத்தமில்லாமல் இருக்கும். பக்கத்தில் இருக்கும் சென்னைப் பையன்கள் எங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள். கட்சி மாறுவதெல்லாம் நடக்காது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையே மிதந்தபோது, அரையிறுதியின் நம் வீட்டு ஆட்டத்தைப் புனேயில் ஆடினார்கள். கொல்கத்தாவை 3-0 என்று அடித்தார்கள். எனக்குத் தெரிந்த மில் ஆட்கள் அன்று அரிசி மூட்டை, பாய், தீப்பெட்டி எல்லாம் சேர்த்துச் சென்னைக்கு லாரி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த லாரிப் பக்கம் நின்று போனில் ஸ்கோர் பார்த்தவனுக்கு வேறு சட்டை பொருந்தாது.

பெரியமேடு தம்பிக்கு வருகிறேன். ஃபைனல் கணக்கைச் சொன்னாய், சரி. அந்த ஃபைனலுக்கு யார் தூக்கிக்கொண்டு போனது என்ற கணக்கையும் சொல்ல வேண்டுமா இல்லையா? 2018 அரையிறுதி, கோவாவுடன் இரண்டு ஆட்டம். அங்கே 1-1. நமக்குப் போட்டது அனிருத் தாபா. சென்னையில் 3-0. ஜேஜே இரண்டு, தனபால் கணேஷ் ஒன்று. நாலு கோலும் இந்தியர் கோல். கணேஷ் எந்த ஊர்? வியாசர்பாடி. உன் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் போய்விடலாம். அந்த கோல் விழுந்தபோது ஸ்டேடியத்தில் எழுந்த சத்தம் மெண்டோசாவுக்கும் எழும், ஆனால் அந்தச் சத்தத்தின் ருசி வேறு. ஃபைனலில் அகஸ்டோ போட்ட மூன்றாவது கோலுக்குப் பந்தைக் கொடுத்தது யார்? அதுவும் ஜேஜேதான்.

பிறகு என்ன ஆனது? ஜேஜே 2020ல் போனார். தாபாவை 2023ல் மோகன் பகான் எடுத்துக்கொண்டது. நீ சொல்கிற 56 புள்ளி மோகன் பகானின் நடுக்களத்தில் ஓடியவர்களில் நாம் வளர்த்த தாபாவும் ஒருவர். காசு போட்டுத்தான் ஜெயித்தார்கள், ஒத்துக்கொள்கிறேன். அந்தக் காசில் ஒரு பகுதி எதற்குப் போனது என்று பார்.

மிராண்டாவைப் பற்றி எனக்கும் நல்ல எண்ணமே. தன் வாழ்நாள் முழுக்க இந்திய வீரர்களோடு ஆடியவர், இந்திய வீரர்களைப் பழக்கியவர். ஏழு பேர் விஷயம் அவருக்குப் புரியாமல் இருக்காது. ஆனால் அவரையும் ஒரு வருடத்தில் அனுப்பிவிட்டு அடுத்தவரைத் தேடினால் கதை பழைய கதைதான்.


தேவகோட்டை பி.டி. டீச்சர்:

நீங்கள் மூன்று பேரும் சண்டை போடுவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. மதுரையில் சேது எஃப்சி என்று ஒரு பெண்கள் அணி இருக்கிறது. 2019ல் இந்தியப் பெண்கள் லீக்கை ஜெயித்தது. ஃபைனலில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்றார்கள். உங்கள் வேன் சென்னைக்குப் போகிற தூரத்தில் கால்வாசி கூட இல்லை மதுரை. உங்கள் யாரிடமாவது அந்த அணியின் சட்டை இருக்கிறதா?

அண்ணன் சொல்வதில் உண்மை உண்டு, ஆனால் கிளப்பை மட்டும் சொல்லிப் பயனில்லை. எங்கள் பள்ளியில் சாயங்காலம் பந்து ஆட வரும் பிள்ளைகளில் நன்றாக ஆடுகிறவள் ஒருத்தி இருக்கிறாள். இடது கால்காரி. கிராஸ் போட்டால் அளந்து போட்ட மாதிரி விழும். ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் அவள் ஆத்தா வந்து, "அடுத்த வருசம் பப்ளிக் பரிச்ச, இனிமே வேணாம் டீச்சர்" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார். பையன்களுக்கும் அதே கதைதான், என்ன, ஒரு வருடம் தள்ளி நடக்கும். இந்தச் சல்லடையில் தப்பி ஒரு சிவசக்தி வருகிறான். பத்துப் பேர் வந்தால்தானே அதில் இரண்டு பேரைச் சென்னை எடுக்கும்?

லீக்கைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னை சிட்டி அணியை யாரும் ஏன் சொல்லவில்லை? கோயம்புத்தூரில் ஆடியது, 2018-19ல் ஐ-லீக் சாம்பியன். நானும் போய்ப் பார்த்திருக்கிறேன், கூட்டம் கட்டுக்கடங்காமல் இருக்கும். 2020-21க்குப் பிறகு அந்த அணியே இல்லை. நாட்டுக்கே சாம்பியனாக இருந்த ஒரு தமிழ்நாட்டு அணி இரண்டே வருடத்தில் காணாமல் போயிற்று. அதனால் "விட்டுவிட்டுப் போக மாட்டார்கள்" என்று பெரியமேடு தம்பி சொல்வதை நான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.


ஈப்போவிலிருந்து:

மகளே, தம்பிகளே, வணக்கம். என் அப்பச்சி நாட்டரசன்கோட்டையிலிருந்து மலாயாவுக்குக் கொண்டுவிற்க வந்தவர்களோடு பெட்டியடிப் பையனாக, அதாவது கடை எடுபிடியாக வந்து, முதலாளுக்கு அடுத்தாளாகி, ஈப்போவிலேயே தங்கிவிட்டவர். கடை சாத்தியதும் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு காற்பந்துக்குப் போவார். அன்று முதல் நான் பேராக் அணிக்காரன். 2002லும் 2003லும் லீக்கை ஜெயித்தோம். 2018ல் மலேசியக் கிண்ணம், திரங்கானுவுடன் 3-3, அப்புறம் பெனால்டியில் ஜெயித்தோம். அன்று இரவு ஈப்போவில் யாரும் தூங்கவில்லை.

இந்த சீசன் பேராக் மலேசிய சூப்பர் லீக்கில் இல்லை. பண நெருக்கடி, நடத்தியவர்கள் விலகிக்கொண்டார்கள். எத்தனையாவது இடம் என்று சண்டை போட உங்களுக்கு இன்னும் ஒரு அணி இருக்கிறது. நன்றாகச் சண்டை போடுங்கள்.

உள்ளூர்ப் பையன் வாதத்துக்கு என்னிடம் ஒரு சாட்சி உண்டு. 2009 முதல் 2011 வரை எங்கள் லீக்கில் வெளிநாட்டு வீரர்களுக்கே இடமில்லை. ஆட்டம் செத்துவிடும் என்று எல்லோரும் அழுதோம். அந்த வருடங்களில்தான் தேசிய அணிப் பயிற்சியாளர் ராஜகோபால், நம் தமிழர், இளம் பையன்களை வைத்து 2009ல் சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுத் தங்கமும், 2010ல் ஆசியான் சுசுகி கிண்ணமும் எடுத்துக் கொடுத்தார். புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3-0 என்று அடித்தபோது நான் கேலரியில் இருந்தேன். லேசர் விளக்கு அடித்தார்கள் என்று அவர்கள் களத்தை விட்டே வெளியே போய் நின்றார்கள், அது தனிக் கூத்து. ஆனால் பெரியமேடு தம்பி சொல்வதும் முழுக்கப் பொய் இல்லை. அந்தக் கிண்ணத்துக்குப் பிறகு எங்கள் கிளப்புகள் காசை எப்படி இறைத்தன, இன்று எங்கே நிற்கின்றன என்று பார்த்துவிட்டேன்.


பெரியமேடு பி ஸ்டாண்ட்:

ஐயா எழுதியதற்கு மேல் நான் என்ன வாதாடுவது. சென்னை சிட்டி விஷயத்தில் டீச்சர் சொன்னது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன் அண்ணே. ஏழு பேரைச் சேர்த்து வைக்க மூன்று வருடம் ஆகும். சம்பளமே நிற்கும் நேரத்தில் எந்தப் பையன் மூன்று வருடம் காத்திருப்பான்? மேலே இருக்கும் அணிகள் கூப்பிட்டால் போகத்தானே செய்வான்? வரும் சீசனுக்கு மட்டும் என்று எடுத்துக்கொண்டு எண்ணைச் சொல்லுங்கள். நான் சொல்கிறேன்: ஒன்பது.


கண்டனூர் சிவப்பு நீலம்:

பத்து. எங்களோடு ஆடும் ஆட்டத்தில் சிவசக்தி கணக்கைத் தொடங்குவான். ஊர்க்காரன் கோல் போட்டால் எழுந்து நின்று கை தட்ட வேண்டும், சொல்லிவிட்டேன்.


புதுவயல் மில் கணக்கு:

டீச்சர், சேது அணி மதுரைப் பக்கம் ஆடும்போது முன்கூட்டித் தெரிந்தால் இங்கேயே போடுங்கள். ஞாயிறாக இருந்தால் வருகிறோம். அந்த இடது கால் பிள்ளையின் ஆத்தாவிடம் இன்னொரு முறை பேசிப் பாருங்கள். பப்ளிக் பரீட்சை முடிந்த பிறகாவது வரட்டும்.

பெரியமேடு தம்பி, பையன் காத்திருக்க மாட்டான் என்பது சரிதான். எல்லோரையும் பிடித்து வைக்கச் சொல்லவில்லை. நடுவில் ஒருவன், பின்னால் ஒருவன், கோலில் ஒருவன். இந்த மூன்று பேரிடம் மட்டும் நீண்ட ஒப்பந்தம் போட்டு, பேச்சு மாறாமல் வைத்துக்கொண்டால் போதும். மற்றவர்கள் வரலாம், போகலாம். போன சீசனில் எனக்கு வயிறு எரிந்ததெல்லாம் பின்வரிசையைப் பார்த்துத்தான். கார்னர் வந்தால் யார் யாரைப் பிடிப்பது என்று கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருக்கும்போதே பந்து வலைக்குள் கிடக்கும். மெய்ல்சன் இருந்த காலத்தில் எதிரணிக்கு நம் கார்னர் பயம், நமக்கு அவர்கள் கார்னர் பயமில்லை. மிராண்டா கையில் இருக்கும் நாலு வெளிநாட்டு இடத்தில் ஒன்றை முதலில் அப்படி ஒரு சென்டர் பேக்குக்குக் கொடுக்கட்டும், பக்கத்தில் ஒரு இந்தியப் பையனை நிறுத்தி சீசன் முழுக்க மாற்றாமல் ஆட விடட்டும். ஸ்ட்ரைக்கரை அப்புறம் பார்க்கலாம்.

அதைச் செய்தால் ஆறு, பிளேஆஃப். செய்யாவிட்டால் எட்டு. ஒன்பது, பத்தெல்லாம் நான் எழுத மாட்டேன்.